இளைஞர் அமைப்புக்கு நிதி திரட்டும் பொறுப்பு: முதல் ஆண்டில் என்ன செய்யவேண்டும்?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், பழைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி அந்தக் கடைக்காரரைத் தேடிப் போனேன். இரண்டு வருடம் முன்பு எங்கள் அமைப்புக்கு 12,000 ரூபாய் கொடுத்திருந்தார். ஒரு பையன் தனியார் ஐடிஐயில் சேர்ந்து படிக்க. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். நான் இந்த வருடத் திட்டத்தை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “அது இருக்கட்டும் தம்பி. அந்தப் பையன் என்ன ஆனான்?”

எனக்குத் தெரியவில்லை. திணறினேன். அவர் கோபப்படவில்லை. “விசாரிச்சுட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

அலுவலகம் திரும்பி எங்கள் களப்பணியாளர் அக்காவிடம் கேட்டேன். “அவனா? ஓசூர்ல வேலை பாக்குறான், தங்கச்சிய காலேஜ்ல சேத்துட்டான்” என்று உடனே பதில் வந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சேதி. பணம் கொடுத்தவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

நிதி திரட்டுவது என்றால் நன்றாகப் பேசிப் பணம் வாங்குவது என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். அந்தக் கடையில்தான் வேலை என்னவென்று புரிந்தது. முதல் நன்கொடையை ஒரு நல்ல பேச்சும், தெரிந்தவர் சிபாரிசும் வாங்கித் தந்துவிடும். இரண்டாவது நன்கொடை வரவேண்டுமென்றால், முதல் பணம் எங்கே போனது என்று அவர் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லியிருக்கவேண்டும். ஒரு அமைப்பு பத்து வருடம் நிற்பது அந்த இரண்டாவது, மூன்றாவது நன்கொடைகளால்தான்.

தமிழ்நாட்டில் ஒரு சிறிய அல்லது நடுத்தர இளைஞர் அமைப்பில் ‘நிதி திரட்டல் இயக்குநர்’ என்ற பொறுப்பை இப்போதுதான் ஏற்றிருக்கிறீர்கள் என்று வைத்து இதை எழுதுகிறேன். மாலைநேரப் படிப்பு மையம், தொழிற்பயிற்சி, விளையாட்டு, வேலைவாய்ப்பு வழிகாட்டல், எதுவாகவும் இருக்கட்டும். பெரும்பாலும் அந்தத் துறைக்கு இயக்குநரும் நீங்கள்தான், எழுத்தரும் நீங்கள்தான்.

முதல் வாரம்: காகிதங்களை வாங்கிப் பாருங்கள்

யாரிடமும் பணம் கேட்கக் கிளம்பாதீர்கள். முதலில் ஆடிட்டரிடம் போய் உட்காருங்கள். அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கப் பதிவு, பான் அட்டை, கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு, வருமான வரித்துறையின் 12ஏபி பதிவு (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி ஒப்புதல் (நமக்குக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை), தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக் தளத்தின் தர்ப்பண் எண், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணத்தை (சிஎஸ்ஆர்) வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

அதில் தேதிகளைப் பாருங்கள். முன்பெல்லாம் 12ஏ (12ஏபியின் பழைய வடிவம்), 80ஜி ஒருமுறை கிடைத்தால் போதும் என்றிருந்தது. 2021 ஏப்ரல் 1-லிருந்து அப்படி இல்லை. புதிய அமைப்புக்கு முதலில் மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு, அப்புறம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். சிறிய அறக்கட்டளைகளுக்கு 12ஏபி காலத்தை மட்டும் பத்தாண்டாக நீட்டிக்க 2025-ல் வழி செய்தார்கள். 80ஜி ஐந்தாண்டுதான். ஆகவே இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். அந்த ஆறு மாதத் தேதியை உங்கள் போனிலும், ஆடிட்டர் போனிலும், அலுவலகச் சுவரிலும் எழுதி வையுங்கள். 80ஜி காலாவதியான பிறகு அந்த எண் போட்ட ரசீதைக் கொடுத்து, கொடுத்தவருக்கு வரித்துறையில் சிக்கல் வந்தால், அந்த உறவு அதோடு முடிந்தது.

இன்னொன்று. 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எல்லோர் வாயிலும் ‘80ஜி’ என்றே இன்னும் சில காலம் ஓடும். நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் புது ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் முன், பிரிவு எண்ணையும் படிவங்களின் எண்ணையும் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதல் மாதம்: மையத்தில் போய் உட்காருங்கள்

அலுவலகத்தில் இருக்கும் ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு நன்கொடையாளரிடம் பேசினால் அது மனப்பாடம் செய்த பேச்சாகத்தான் இருக்கும். குறைந்தது எட்டு, பத்து நாள் மாலை வேளைகளில் பிள்ளைகளோடு இருங்கள். கேள்வி கேட்டுக் குறிப்பெடுப்பதைவிட, பாய் விரிப்பது, வருகைப் பதிவேடு எடுப்பது மாதிரி ஏதாவது ஒரு கைவேலை செய்யுங்கள். அப்போதுதான் பேசுவார்கள்.

எங்கள் தையல் பயிற்சியில் சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் இரண்டாவது மாதத்தில் நின்றுவிட்டார்கள். ‘ஆர்வமின்மை’ என்று அறிக்கையில் எழுதியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறரை ஆனதும் ஒவ்வொருத்தியாக வாசலைப் பார்க்கிறாள். மெஷினை நிறுத்திவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடக்கிப் பைக்குள் வைக்கிறாள். அந்த ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் 6.40-க்கு. வகுப்பு முடிவது ஏழு மணிக்கு. பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ, இருட்டில். வீட்டில் விடமாட்டார்கள்.

அரை மணி நேரம் முன்னால் வகுப்பை ஆரம்பித்தோம். முடியாத நாட்களுக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரை மாத வாடகைக்குப் பேசினோம். அந்த ஆட்டோ வாடகைக்குத்தான் நான் முதன்முதலில் பணம் கேட்டேன். கேட்ட இரண்டாவது ஆளே கொடுத்துவிட்டார். ‘பெண்களுக்குத் திறன் மேம்பாடு’ என்று கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். “ஏழு மணிக்கு மேல் பஸ் இல்லை, அதனால் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்” என்றதும் அவருக்குத் தன் மகள் நினைவு வந்திருக்கும்.

அடுத்தது: ஒரு பிள்ளைக்கு என்ன செலவு?

இந்த ஒரு எண்ணை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவேண்டும். கணக்காளரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது போதாது. ஒரு மாதிரிக்கு நாற்பது பேர் வரும் ஒரு மாலை மையத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனைதான், கணக்குப் போடும் முறைக்காகச் சொல்கிறேன்.

இரண்டு பயிற்றுநர், மாதம் தலா 18,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 4,32,000. வாடகை, மின்சாரம் மாதம் 10,000 வீதம் 1,20,000. சுண்டல், டீ என்று ஒருவருக்கு நாளைக்கு 15 ரூபாய், 220 நாள், நாற்பது பேர்: 1,32,000. போக்குவரத்துக்கு 66,000. புத்தகம், தேர்வுக் கட்டணம் 40,000. கணக்கர் சம்பளத்தில் இந்த மையத்தின் பங்கு, ஆடிட்டர், போன், ரசீது அச்சு எல்லாம் சேர்த்து 50,000. மொத்தம் 8,40,000. நாற்பதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு வருடம் 21,000, மாதம் 1,750 ரூபாய்.

இதில் பாதிக்கு மேல் சம்பளம். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு இந்தச் சம்பளத்தை மறைப்பது. “புத்தகத்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள், சம்பளத்துக்குக் கொடுக்கமாட்டார்கள்” என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அப்புறம் நோட்டுப் புத்தகம் அலமாரி நிறைய இருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. நேராகச் சொல்லுங்கள்: “எங்கள் மையத்தில் பெரிய செலவு வாத்தியார் சம்பளம்தான். அவர் இருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள்.” கடை நடத்துகிறவருக்கு இது புரியும். அவரும் சம்பளம் கொடுத்துத்தானே கடை நடத்துகிறார்.

யாரிடம் முதலில் போவது?

வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அறங்காவலர்களும் நிர்வாகக் குழுவும்தான் முதல் நன்கொடையாளர்கள். தொகை முக்கியமில்லை, ஒவ்வொருவரும் ஏதாவது கொடுத்திருக்கவேண்டும். “உங்கள் குழுவில் எத்தனை பேர் கொடுக்கிறார்கள்?” என்று வெளியே ஒருவர் கேட்டால் எல்லோரும் என்று நீங்கள் கூசாமல் சொல்ல முடியவேண்டும். கூடவே, ஒவ்வொரு அறங்காவலரும் மூன்று பேரை அறிமுகப்படுத்தித் தரட்டும். பணம் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், கதவை அவர்கள் தட்டிக் கொடுத்தால் போதும்.

அடுத்து நிறுவனரின் போன். நம் ஊர் அமைப்புகள் பலவற்றில் நன்கொடையாளர் பட்டியல் என்பது நிறுவனரின் தலைக்குள் இருக்கிறது. அவர் முகத்துக்காகக் கொடுப்பவர்கள் அவர்கள். இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து, தொடர்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். பெயர், ஊர், போன், எப்போது எவ்வளவு கொடுத்தார், எதற்கு, யார் மூலம் வந்தார், கடைசியாக அவருக்கு நாம் என்ன சொன்னோம், என்றைக்குச் சொன்னோம். கடைசி இரண்டு கட்டங்கள்தான் உயிர். பாதிப் பேருக்கு அவை காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டங்களே உங்கள் முதல் மூன்று மாத வேலை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகு உள்ளூர் வியாபாரிகள், பள்ளி முன்னாள் மாணவர்கள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், உங்களிடமே படித்து இன்று சம்பாதிக்கும் இளைஞர்கள். கடைசியாகச் சொன்னவர்களை விட்டுவிடாதீர்கள். மாதம் 200 ரூபாய் தருகிறேன் என்று நம் பழைய பிள்ளை ஒருவன் சொன்னால், அதைவிடப் பெரிய நற்சான்று எந்தக் கம்பெனியிடம் காட்டவும் உங்களுக்குக் கிடைக்காது.

ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. தலைவர் மாறுவார், அவரோடு திட்டங்களும் மாறும். ஆகஸ்டில் போனால் அந்த ஆண்டுக்கான திட்டம் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அடுத்த தலைவர் யார் என்று கேட்டு, ஏப்ரல், மே மாதத்திலேயே அவரைப் பார்த்துவிடுங்கள். வியாபாரிகளிடம் இன்னொரு விதமான பருவம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஜவுளிக்கடைக்காரரிடம் போகாதீர்கள். அவர் பணமெல்லாம் சரக்கில் முடங்கியிருக்கும், நேரமும் இருக்காது. பண்டிகை முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனால் உட்கார்ந்து பேசுவார்.

எப்படிக் கேட்பது?

நேரில், ஒரு தொகையைச் சொல்லி, அப்புறம் சும்மா இருந்து.

இந்த மூன்றாவதுதான் கஷ்டம். தொகையைச் சொன்னவுடன் நமக்குக் கூச்சம் வந்துவிடும். “உங்களால் முடிந்தது கொடுங்கண்ணே, ஐநூறு, ஆயிரம் என்றாலும் பரவாயில்லை” என்று நாமே இறக்கிவிடுவோம். இருபதாயிரம் கொடுக்க நினைத்தவரும் அதோடு ஆயிரத்தை எடுத்து நீட்டிவிடுவார். நான் இப்போது இப்படிக் கேட்கிறேன்: “அண்ணாச்சி, எங்கள் மையத்தில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு இருபத்தோராயிரம் ஆகிறது. இந்த வருடம் ஒரு பிள்ளையை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?” சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன். அவர் யோசிக்கட்டும். “அவ்வளவு முடியாது” என்றால் மாதம் 1,750 என்று பிரித்துச் சொல்ல இடம் இருக்கிறது. “பாதி” என்பார், அதுவும் நல்லது. “இப்போது இல்லை” என்றால் எப்போது வரட்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே போங்கள். இல்லை என்று சொன்னவர்களில் பலர் நம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மாதம் வேண்டாம் என்றார்கள்.

கெஞ்சுகிற தொனி கூடாது. நீங்கள் உங்களுக்காகக் கேட்கவில்லை. அவருடைய ஊர்ப் பிள்ளைகளுக்காக அவரிடம் ஒரு பங்கு கேட்கிறீர்கள்.

ரசீதும் சட்டமும்

பணம் வந்த அன்றே ரசீது போகவேண்டும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினாலும் போதும். பெயர், முகவரி, பான் எண் இல்லாமல் வாங்காதீர்கள். பான் இல்லாதவரிடம் ஆதார் எண். நன்கொடை விவரம் அடங்கிய 10பிடி படிவத்தை நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் வரித்துறைக்கு நாம் தாக்கல் செய்யவேண்டும். அதிலிருந்து வரும் 10பிஇ சான்றிதழ்தான் நன்கொடையாளர் வரிச்சலுகை கேட்க ஆதாரம். வெறும் ரசீது இப்போது போதாது. ஏப்ரல் மாதத்தில் பான் எண்ணுக்காக இருநூறு பேருக்குப் போன் போடும் அவதியைத் தவிர்க்க ஒரே வழி, வாங்கும்போதே வாங்கிவிடுவது.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுக்கும் தொகையில் 50 சதவீதம்தான் வருமானத்திலிருந்து கழியும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. இன்னொரு விஷயத்தைப் பலர் சொல்வதில்லை: புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு 80ஜி சலுகையே இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் பலர் இப்போது அந்த முறையில்தான் இருக்கிறார்கள். “வரி மிச்சமாகும் சார்” என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, ஜூலையில் அவர் ஏமாந்து நிற்கக் கூடாது. எந்த முறை என்று முதலிலேயே கேளுங்கள். சலுகை இல்லை என்று தெரிந்தும் கொடுப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

உண்டியல் வைப்பதானால் கவனம். யார் கொடுத்தார்கள் என்று தெரியாத பணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி.

வெளிநாட்டுப் பணம்: இங்கே நின்று நிதானியுங்கள்

தமிழ்நாட்டில் எந்த ஊரானாலும் சிங்கப்பூரில், மலேசியாவில், துபாயில், அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் உண்டு. “நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குத்தானே, நான் போடுறேன்” என்று ஆசையாகச் சொல்வார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் கணக்கு எண்ணை அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: “மாமா, உங்க பாஸ்போர்ட் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தானா?”

இந்தியக் குடிமகனாகவே இருந்து துபாயில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் ஆகும். அவர் ஊருக்கு வந்திருக்கும்போது ரூபாயாகக் கையில் கொடுத்தாலும், இங்கே உள்ள தன் வங்கிக் கணக்கிலிருந்து மாற்றினாலும் ஆகும். பணம் எந்த நாட்டு நோட்டு என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று பார்க்கிறது.

அப்படிப்பட்ட பணத்தை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். எஃப்சிஆர்ஏ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பொதுவாக மூன்றாண்டு இயங்கியிருக்கவேண்டும், அந்த மூன்றாண்டில் அமைப்பின் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ஆகவே “பதிவு உள்ள இன்னொரு டிரஸ்ட் மூலமா வாங்கிக்கலாம்” என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பதிவு இல்லையென்றால் மாமாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கட்டும், வேலைக்கான நேர்காணலுக்குப் பழக்கட்டும். அதுவும் பெரிய கொடைதான்.

கம்பெனிப் பணம்

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். கல்வி, தொழில்திறன், கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் இளைஞர் அமைப்புக்கு இடம் இருக்கிறது. தங்கள் ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. உங்கள் மையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் எந்தெந்த ஆலை இருக்கிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள். மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிட, பக்கத்து ஆலையின் மனிதவள அதிகாரியை ஒரு மாலை மையத்துக்கு அழைத்துவருவது பலன் தரும்.

அதற்கு முன் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து சிஎஸ்ஆர் இணைப்பைப் படியுங்கள். போன வருடம் எந்த மாவட்டத்தில், எதற்கு, எவ்வளவு, யார் மூலம் செலவழித்தார்கள் என்று இருக்கும். பத்து லட்சத்துக்கு மேல் எதற்கும் கொடுக்காத இடத்தில் ஐம்பது லட்சம் கேட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம். உங்கள் அமைப்புக்குச் சிஎஸ்ஆர்-1 பதிவும், 12ஏபி, 80ஜி இரண்டும், மூன்றாண்டுச் செயல்பாடும் இல்லாமல் பேச்சு நகராது.

ஜனவரி, பிப்ரவரியில் திடீரென்று போன் வரும். “மார்ச்சுக்குள்ள செலவு பண்ணணும், இருபது கம்ப்யூட்டர் தர்றோம், வச்சுக்கிறீங்களா?” எனக்கு அப்படி ஒன்று வந்தது, நான் சரி என்றேன். சொல்லிக்கொடுக்க ஆள் போட அதில் பணம் இல்லை, மின்சாரத்துக்கும் இல்லை. ஆறு மாதம் துணி போர்த்தி வைத்திருந்தோம். அதன்பிறகு, பொருளோடு ஒரு வருடப் பயிற்றுநர் சம்பளமும் சேர்த்துத் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லப் பழகிவிட்டேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரிதான்.

கம்பெனிப் பணம் தவணையாக வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் இரண்டாவது. இடையில் தாமதமானால் வாத்தியார் சம்பளம் நிற்கும். அதனால் மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு சேர்க்கும்வரை பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். மொத்த வரவில் பாதிக்குமேல் ஒரே இடத்திலிருந்து வந்தால், இரவில் தூக்கம் வராது. வரவும் கூடாது.

பிள்ளைகளின் படம், பிள்ளைகளின் கதை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டுமுறை படியுங்கள்.

ஒரு ஆண்டு விழா. நன்கொடையாளர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எங்கள் மையத்துப் பெண் ஒருத்தி நன்றாகப் பேசுவாள் என்று மேடையேற்றினோம். ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்தவர், “இந்தப் பொண்ணுக்கு அப்பா கிடையாது, அம்மா வீட்டு வேலை செய்றாங்க” என்றார். கூட்டத்தில் அவளுடைய பள்ளித் தோழிகளும் இருந்தார்கள். அவள் எழுதிவைத்திருந்த பேச்சை வேகமாகப் படித்துவிட்டு இறங்கினாள். அன்றைக்கு நல்ல தொகை வந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் மையத்துக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவே இல்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா உட்காரச் சொன்னார், அவள் உள்ளே இருந்து வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. எந்தப் பிள்ளையின் கஷ்டத்தையும் பெயரோடும் முகத்தோடும் சொல்வதில்லை. மேடையில் பேசுவதானால் அவர்கள் செய்ததைப் பற்றிப் பேசுவார்கள்: தைத்த சட்டை, ஜெயித்த ஆட்டம், பழுது பார்த்த மோட்டார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் படத்தைப் பயன்படுத்தப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். சம்மதக் கடிதம் தமிழில், எங்கே எதற்குப் போடுவோம் என்று சொல்லி இருக்கவேண்டும். பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

சட்டமும் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள், வழக்கில் சிக்கிய சிறார் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் இன்னும் கடுமை. காப்பகத்துப் பிள்ளைகளோடு வேலை செய்யும் அமைப்பு என்றால், நன்கொடையாளர் ஆசையாக எடுக்கும் செல்ஃபியையும் நீங்கள்தான் தடுக்கவேண்டும். மரியாதையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் சம்பளம்

“கொண்டுவரும் பணத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கோங்க” என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உலகம் முழுக்க நிதி திரட்டுவோர் பின்பற்றும் நெறிமுறைகளில் கமிஷன் கூடாது என்பது முக்கியமான ஒன்று. பிள்ளைக்கென்று இருபத்தோராயிரம் கொடுத்தவர், அதில் இரண்டாயிரத்து நூறு உங்கள் பைக்குப் போனது என்று அறிந்தால் என்ன நினைப்பார்? தவிர, கமிஷன் வந்துவிட்டால் பெரிய தொகைக்காரர் பின்னால்தான் ஓடுவீர்கள், மாதம் 200 தருபவரை மறந்துவிடுவீர்கள். மாதச் சம்பளம் கேளுங்கள், அதை பட்ஜெட்டில் வெளிப்படையாகக் காட்டச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் புதிய பணம் மெதுவாகத்தான் வரும் என்பதையும் சேரும்போதே நிர்வாகக் குழுவிடம் பேசிவிடுங்கள்.

ஆண்டு எப்படி ஓடும்?

ஏப்ரல், மே: பழைய கணக்கு, மே 31-க்குள் படிவம், சான்றிதழ்களை அனுப்புதல். அனுப்பும்போது வெறும் சான்றிதழாக அனுப்பாமல் நான்கு வரி சேதியோடு அனுப்புங்கள். ஜூன்: பள்ளி, கல்லூரிக் கட்டண நேரம், ஒரு பிள்ளைக்காகக் கேட்கத் தோதான மாதம். ஜூலையில், ஏப்ரல், மே மாதத்திலேயே பேசிவைத்த சங்கங்கள். அக்டோபர் 2 முதல் 8 வரை நாடு முழுக்க தான் உத்சவ் என்ற கொடை வாரம் நடக்கிறது, 2009-லிருந்து. கல்லூரி மாணவர்களையும் அலுவலக ஊழியர்களையும் முதன்முதலாக மையத்துக்கு வரவழைக்க நல்ல சாக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை கம்பெனிகள், வரிச் சேமிப்புக்காரர்கள்.

இவற்றுக்கு நடுவே வாரம் தவறாமல் ஒரு வேலை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து ஐந்து மணிவரை எக்செல் தாளைத் திறந்து, ‘கடைசியாகச் சொன்ன தேதி’ மிகப் பழையதாக இருக்கும் ஐந்து பேரை எடுங்கள். போன் போடுங்கள், எடுக்காவிட்டால் வாட்ஸ்அப். பணம் கேட்காதீர்கள். நான் அந்த ஹார்டுவேர் கடை அண்ணாச்சிக்கு அனுப்பியது இதுதான், மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம்:

“வணக்கம் அண்ணாச்சி. நீங்கள் கேட்ட பையன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறான். தங்கையைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறான். உங்களிடம் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டேன், சொல்லுங்கள் என்றான். இதை நாங்களே முன்னதாக உங்களுக்குத் தெரிவித்திருக்கவேண்டும், எங்கள் தவறு. அவன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான், கடைக்கு வந்து பார்க்க ஆசைப்படுகிறான். உங்களுக்கு எந்த நேரம் தோது?”